தனியே விட்டால் பதறும் நாய்: படிப்படியாகப் பழக்கும் முறை

நீங்கள் வெளியே கிளம்பியதும் நாய் ஊளையிடுகிறது, கதவைப் பிராண்டுகிறது, நன்றாகப் பழகிய நாயாக இருந்தும் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடுகிறது என்றால், பெரும்பாலும் அது பயத்தில் நடக்கிற காரியம். "விட்டுட்டுப் போனதுக்குக் கோபம், அதான் பழிவாங்குது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பழிவாங்கத் திட்டம் போடும் அளவுக்கு நாய்க்கு மனக்கணக்கு கிடையாது. பெரிய ஆபத்து வந்துவிட்டது என்று அதன் உடம்பு நம்புகிறது. இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, எப்படியாவது வெளியேற வழி தேடுகிறது. இதைத்தான் பிரிவுப் பதற்றம் என்கிறோம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். உங்கள் நாய்க்குப் பயம் எந்த நொடியில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த நொடிக்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட வேண்டும். அந்த எல்லைக்குள் நின்று திரும்பத் திரும்பப் பழக்கினால், எல்லை மெல்ல மெல்ல விரியும். பொம்மை, பாட்டு, மருந்து எல்லாம் இதற்குத் துணைக்கு வருபவை.

வளர்ப்பவரோடு நாய்க்கு இருக்கும் ஒட்டுதல் சாதாரணமானதில்லை. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் புரிந்துகொள்ள உளவியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு சோதனையை, 1998-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் நாய்களிடம் செய்து பார்த்தார்கள். பழக்கமில்லாத அறை. வளர்ப்பவர் கூட இருந்தவரை நாய்கள் அறையைச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அவர் போய், புதியவர் ஒருவர் மட்டும் இருந்தபோது கதவருகே போய் நிற்பது அதிகமானது. ஆக, பிரிவை உணர்வது எல்லா நாய்க்கும் உள்ளதுதான். சில நாய்களுக்கு அது தாங்க முடியாத அளவுக்குப் போகிறது. வீடு மாறியது, வளர்ப்பவரே மாறியது, குடும்பத்தில் ஒருவர் பிரிந்தது அல்லது இறந்தது, மாதக்கணக்கில் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டுத் திடீரென்று வேலைக்குக் கிளம்பியது, தனியாக இருந்த நேரத்தில் இடியோ வெடிச்சத்தமோ கேட்டு அரண்டது என்று தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு காரணமும் புலப்படாத நாய்களும் உண்டு. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கட்டிலில் படுக்கவிட்டதாலும் மடியில் வைத்துக் கொஞ்சியதாலும் வருகிற சிக்கல் இல்லை இது.

முதலில் கேமரா

நாய் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கவே முடியாது. திரும்பி வந்ததும் கிழிந்த தலையணையையும் ஈரத் தரையையும் வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். பழைய போன் ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, அதிலிருந்து உங்கள் போனுக்கு வீடியோ அழைப்பு போட்டுவிட்டால் நேரடியாகவே பார்க்கலாம். உங்கள் பக்க ஒலியை மட்டும் அணைத்துவிடுங்கள், குரல் கேட்டால் நாய் குழம்பும். அது படுக்கும் இடமும் வாசற்கதவும் இரண்டுமே படத்தில் விழ வேண்டும்.

இந்த ஒரு தடவை வழக்கமாகக் கிளம்புவது போலவே கிளம்பி, கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். அரை மணி நேரம் போதும். பதற்றம் உள்ள நாய்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே காட்டிவிடும், பல நாய்கள் முதல் சில நிமிடங்களிலேயே. கதறத் தொடங்கிவிட்டால் அரை மணியை முடிக்க வேண்டியதில்லை, தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, உள்ளே வந்துவிடுங்கள்.

பதறும் நாயின் வீடியோ அநேகமாக இப்படிப் போகும். கதவு சாத்தியதும் அந்தப் பக்கமே காதை நிமிர்த்தி அசையாமல் நிற்கும். ஒரு தடவை உதட்டை நக்கிக்கொள்ளும். படுக்கை வரை போகும், படுக்காமல் திரும்பும். பிறகு கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரே தடத்தில் நடை. வெக்கை இல்லாதபோதும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும். மெல்லிய முனகல் குரைப்பாகும், அப்புறம் தலையை மேலே தூக்கி நீண்ட ஊளை. வைத்துவிட்டுப் போன தின்பண்டம் தொடப்படாமல் கிடக்கும். சில நாய்கள் சத்தமே போடாது. ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு, எச்சில் வடிந்து மார்பெல்லாம் நனைந்து உட்கார்ந்திருக்கும். சத்தமும் சேதமும் இல்லாததால் "நல்ல பிள்ளை" என்று பெயர் வாங்கும் இந்த நாய்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கவலை. அவை தவிப்பது யாருக்கும் தெரிவதில்லை.

சலிப்பில் சேட்டை செய்யும் நாயின் வீடியோ வேறு மாதிரி இருக்கும். கொஞ்சம் தூங்கும், எழுந்து சோம்பல் முறிக்கும், ஒரு செருப்பைக் கண்டுபிடித்து ஆற அமரக் கடிக்கும், மறுபடி தூங்கும். அதற்குத் தேவை கூடுதல் நடையும் கடிக்கப் பொம்மையும். தெருவில் ஆள் போகும்போது மட்டும் ஜன்னலில் நின்று குரைத்துவிட்டு அடங்கும் நாய்க்குத் திரைச்சீலையை மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும். சேதம் எந்த இடத்தில் என்பதையும் பாருங்கள். கதவு நிலை, ஜன்னல் விளிம்பு, தாழ்ப்பாளைச் சுற்றிய மரம் என்று வெளியேறும் வழிகளிலேயே நகக்கீறலும் பல்தடமும் குவிந்திருந்தால் அது தப்பிக்கத் துடித்ததன் அடையாளம்.

கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை

பயிற்சி தொடங்கும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எதுவாக இருந்தாலும் நாயால் சிறுநீரை அடக்க முடியாது. மூட்டுவலியோ பல்வலியோ உள்ள நாய் சின்னச் சத்தத்துக்கும் மிரளும். வயதான நாய் திடீரென்று தனிமைக்குப் பயப்படத் தொடங்கினால், மூளைத் தளர்ச்சியோ பார்வை, செவி குறைந்ததோ காரணமாக இருக்கலாம். எடுத்த வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட ஒரு நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

பல்லையோ நகத்தையோ உடைத்துக்கொள்ளும் நாய், ஜன்னல் கண்ணாடியில் மோதும் நாய், வளர்ப்பவர் குளியலறைக்குப் போனாலே கதறும் நாய் என்றால் மருந்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே பேச்செடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது.

தாங்க முடியாத அளவுக்குத் தனியே விடுவதை நிறுத்துங்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். பெரும்பாலோர் தடுக்கி விழுவதும் இங்கேதான். பயிற்சி நடக்கும் காலம் வரை, நாய் தாங்கக்கூடிய நேரத்துக்கு மேல் அதைத் தனியே விடக் கூடாது. காலையில் அரை மணி நேரம் பொறுமையாகப் பழக்கிவிட்டு, பகலில் எட்டு மணி நேரம் கதறவிட்டால், காலையில் கட்டியது மாலைக்குள் இடிந்துவிடும். ஒவ்வொரு பெரும் பீதியும் "தனிமை ஆபத்துதான்" என்ற பாடத்தை இன்னும் ஆழமாகப் பதிக்கிறது.

"எனக்கு வேலை இருக்கே, எப்படி முடியும்?" என்ற கேள்வி நியாயமானது. தனியாக இல்லாமல் இருந்தால் போதும் என்பது இங்கே நம் கைக்கு வரும் சலுகை. பெரும்பாலான நாய்களுக்குக் குறிப்பாக நீங்கள்தான் வேண்டும் என்பதில்லை, பழகிய மனிதர் யாராவது இருந்தால் அமைதியாக இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் நேரத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற உறவினர், நாய் வளர்க்க ஆசைப்பட்டும் முடியாத நண்பர், வீட்டிலேயே உட்கார்ந்து படிக்க அமைதியான இடம் தேடும் மாணவர், பகல்நேர நாய்க் காப்பகம், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்று துண்டு துண்டாகச் சேர்த்தால் வாரம் நிரம்பிவிடும். ஒரு தாளில் வாரத்தின் ஒவ்வொரு வேளையையும் எழுதி, யார் இருப்பார் என்று நிரப்பிப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரேயடியாக முடியாவிட்டால், முடிந்த அளவு குறையுங்கள். தவிர்க்கவே முடியாத நாட்களுக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

செய்யக் கூடாதவை

திட்டவோ அடிக்கவோ கூடாது. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே" என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்தார். தலையைக் குனிந்து, காதை மடக்கி, கண்ணைத் திருப்பும் அந்த முகம், நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. வளர்ப்பவர் திட்டியபோதுதான் அதிகம் வந்தது, எதுவுமே செய்யாத நாயிடமும் வந்தது. நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பயம். ஏற்கெனவே நீங்கள் போவதைக் கண்டு பயப்படும் நாய்க்கு நீங்கள் வருவதும் பயமாகிவிட்டால், நாள் முழுக்கப் பதற்றம்தான்.

குரைத்தால் மின்னதிர்வு கொடுக்கும், நெடியுள்ள திரவம் தெளிக்கும் கழுத்துப்பட்டைகள் வேண்டவே வேண்டாம். சத்தம் நின்றாலும் பயம் நிற்காது, அது வேறு வழியில் வெளிவரும். கூண்டுக்குள் அடைப்பதும் பல நாய்களுக்கு ஆபத்தாக முடிகிறது. கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்கள் எத்தனையோ. உங்கள் நாய் கூண்டில் தானாகப் போய்ப் படுத்துத் தூங்கும் என்றால் கதவைத் திறந்துவைத்து அதையே படுக்கையாக விடுங்கள். தனியாக இருக்கும்போது பூட்டி வைக்க வேண்டாம்.

"அழுது அழுது பழகிடும்" என்ற அறிவுரையும் இந்த நாய்களுக்குப் பொருந்தாது. நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளிவிட்டால் அவருக்குத் தண்ணீர் மேல் பயம்தான் வளரும். கடைசியில் நாய் ஓய்ந்து படுப்பது களைப்பினால். மறுநாள் இன்னும் சீக்கிரமே கதறத் தொடங்கும்.

தினசரி வாழ்க்கையைச் சீர்செய்வது

களைத்துப்போக ஓடவைத்தால் பதற்றம் போய்விடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆனாலும் போதிய நடை, போதிய தூக்கம், மூளைக்கு வேலை இல்லாத நாயைப் பழக்குவது சிரமம். நடைக்குக் கூட்டிப்போகும்போது வாரைத் தளர்த்தி, அது நிற்கும் இடத்தில் எல்லாம் நின்று, ஆசை தீர மோப்பம் பிடிக்கவிடுங்கள். வேகமாக நெடுந்தூரம் இழுத்துப்போவதைவிட இது அமைதியைக் கொடுக்கும்.

வீட்டில் இருக்கும்போதே சின்ன இடைவெளி பழக்குங்கள். நிழலாகப் பின்னாலேயே வரும் நாய்க்கு ஒரு விரிப்பைப் போட்டு, அதில் தானாகப் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு துண்டுத் தின்பண்டம் முன்னங்கால்களுக்கு நடுவே வையுங்கள். அங்கே படுப்பது நல்லது என்று புரிந்ததும், நீங்கள் எழுந்து ஓர் அடி நகர்ந்து திரும்புங்கள், பிறகு அறையின் மறுகோடி, பிறகு வாசற்படியைத் தாண்டி ஒரு நொடி. அது எழுந்து உங்களோடு வர விரும்பினால் வரட்டும், கட்டாயம் வேண்டாம். ஒட்டுதலைக் குறைக்கிறேன் என்று நாயைக் கண்டுகொள்ளாமல் இருப்பதிலும் பயனில்லை.

கிளம்பும் அறிகுறிகள்

சாவிக்கொத்தின் சத்தம், ஷூ, கைப்பை, தலை சீவுவது. நீங்கள் கதவைத் தொடும் முன்பே நாய்க்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. எந்த அறிகுறியில் அதன் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு அந்தச் செயலை அர்த்தமில்லாமல் ஆக்குங்கள். சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையல் வேலை பாருங்கள். ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். ஒரு நாளைக்குச் சில தடவை, நாய் தலையைக்கூடத் தூக்காத அளவுக்குச் சலித்துப்போகும்வரை.

இதில் ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே மிகவும் பதறியிருக்கும் நாய்க்கு நாள் முழுக்கச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தால், எந்த நிமிடம் போவாரோ என்ற பயத்திலேயே இருக்கும். அப்படித் தெரிந்தால் இந்தப் படியை விட்டுவிட்டு, சாவியும் ஷூவும் இல்லாமலேயே வெளியேறும் பயிற்சியைத் தொடங்குங்கள். நேரம் கொஞ்சம் கூடிய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியேறும் பயிற்சி

இதுதான் மையம். மற்றதை எல்லாம் சுமாராகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்தால் நாய் தேறும்.

முதலில் நாயின் முகத்தைப் படிக்கப் பழகுங்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, தலை தரையில், நீண்ட பெருமூச்சு, கண் செருகுகிறது: நிம்மதி. தலையைத் தூக்கிக் கதவைப் பார்க்கிறது, எழுந்து நிற்கிறது, கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, கதவிடுக்கில் மூக்கை வைக்கிறது: யோசனை தொடங்கிவிட்டது. நடை, மூச்சிரைப்பு, முனகல் வந்துவிட்டால் எல்லை தாண்டியாயிற்று. முதல் நிலையிலேயே பெரும்பாலான பயிற்சி நடக்க வேண்டும். இரண்டாம் நிலை சிறிது எட்டிப் பார்த்து, தானாகவே நாய் மறுபடி தளர்ந்தால் பரவாயில்லை, தளரவில்லை என்றால் உள்ளே வந்துவிடுங்கள். மூன்றாம் நிலைக்குப் போகவே விடக் கூடாது.

சில நாய்களுக்குத் தொடக்கப் புள்ளி கதவுக்கு வெளியே இருக்காது. நாற்காலியிலிருந்து எழுவது, கதவு வரை நடப்பது, கைப்பிடியைத் தொடுவது, தாழ்ப்பாளைத் திறந்து மூடுவது, கதவை ஒரு சாண் திறந்து மூடுவது, வெளியே ஒரு கால் வைத்துத் திரும்புவது என்று ஒவ்வொன்றும் தனிப் பாடமாகவே தேவைப்படலாம். ஒன்றை நாய் அலட்டிக்கொள்ளாமல் பார்க்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இருபது நொடி வரை தாங்கும் நாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாள் பயிற்சி இப்படி இருக்கலாம். கதவு வரை போய்த் திரும்பி வந்து உட்காருகிறீர்கள். ஒரு நிமிடம் போல ஏதாவது வேலை. மறுபடி கதவைத் திறந்து மூடிவிட்டு வருகிறீர்கள். நாய் காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது, சரி. இப்போது வெளியே போய்க் கதவைச் சாத்தி 5 நொடி, உள்ளே. அடுத்தது 12 நொடி. அடுத்தது வேண்டுமென்றே 3 நொடி. பிறகு 8. கடைசியாக 20, அதோடு முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவே நாய் பழைய நிலைக்குத் தளர்ந்திருக்க வேண்டும். மொத்தம் அரை மணிக்குள் முடியட்டும். வெளியே நிற்கும் நேரம் முழுக்கக் கண் போன் திரையில் இருக்க வேண்டும், கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

நொடிகளை ஏறுவரிசையில் அடுக்காமல் கலந்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கஷ்டமாகவே வந்தால், பயிற்சி என்றாலே கஷ்டம் கூடும் என்று நாய் கற்றுக்கொள்ளும். நடுநடுவே சுலபமானது வந்தால் எதிர்பார்ப்பும் தளரும்.

வாரத்தில் நான்கைந்து நாள், நாளைக்கு ஒரு தடவை போதும். ஓய்வு நாட்கள் பயிற்சியின் பகுதிதான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நிம்மதியாக இருந்தால் நீண்ட இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்: 20 நொடி 25 ஆகலாம், 3 நிமிடம் மூன்றரை ஆகலாம். தொடக்க நிமிடங்கள்தான் மிக மெதுவாக நகரும், ஒரு வாரம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். சோர்ந்துவிடாதீர்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் அமைதியாக இருக்கக் கற்ற நாய்களில் பலவும் அதற்குப் பிறகு பெரிய தாவல்களில் முன்னேறுவதைப் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள். மொத்தத்தில் சில வாரம் ஆகலாம், பல மாதமும் ஆகலாம்.

"குரைக்கும்போது உள்ளே வந்தால் குரைப்பதற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது. பீதியில் இருக்கும் நாய் கணக்குப் போட்டுக் குரைக்கவில்லை. உள்ளே வாருங்கள், அமைதிப்படுத்துங்கள், அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எத்தனை நொடி, நாய் என்ன செய்தது, அன்று வேறு என்ன நடந்தது. சில வாரத்தில் உங்கள் நாயின் குணம் தாளில் தெரியும். காலையில் முடியாதது மாலையில் சுலபமாக இருக்கும். கடைசியாக வெளியேறுவது யார் என்பதைப் பொறுத்து மாறும். முதல் நாள் விருந்தாளி வந்திருந்தால் மறுநாள் தாங்கும் நேரம் குறையும். தனிமையைத் தவிர மற்ற விஷயங்களும் உண்டு: படிக்கட்டில் இறங்கும் காலடி, கேட் சத்தம், வண்டி கிளம்பும் ஒலி. கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றால் தூங்கும் நாய், வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஊளையிடலாம். அப்படி என்றால் வண்டியைக் கிளப்பிவிட்டு உடனே நிறுத்தித் திரும்பி வருவதும் தனிப் பாடம்.

திரும்பி வரும்போது பெரிய ஆர்ப்பாட்டம் வேண்டாம், அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். மெதுவான குரலில் பெயரைச் சொல்லி, வருடிக்கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

உணவு அடைத்த பொம்மை, பாட்டு, இன்னொரு நாய்

உள்ளே உணவு அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். சலிப்பில் உள்ள நாய்க்கு அருமையான யோசனை. பதறும் நாயிடம் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, தொடவே தொடாது. இன்னொன்று, நக்கி முடிக்கும்வரை கவனம் அதில் இருந்துவிட்டு, முடிந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்கும், ஆளைக் காணோம், அங்கே தொடங்கும் பீதி. பிறகு அந்தப் பொம்மையே கிளம்பும் அறிகுறியாகிவிடும். ஆகவே வெளியேறும் பயிற்சியை உணவு இல்லாமல் நடத்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரங்களில் பொம்மையைத் தாராளமாகக் கொடுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் அடைப்பதாக இருந்தால் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், நாய்க்கு அது கொடிய விஷம்.

மென்மையான இசை சில நாய்களைத் தளர்த்துகிறது, ஆனால் ஒரே பாட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும். வெளிச்சத்தத்தை மறைக்கவாவது உதவும், போட்டுவிடலாம். நாய்களை அமைதிப்படுத்த விற்கும் வாசனைப் பொருட்கள் சில நாய்களுக்குக் கொஞ்சம் உதவலாம், அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். துணைக்கு இன்னொரு நாய் வாங்குவதாக இருந்தால் நிதானியுங்கள். தவிப்பு மனிதருக்காக என்பதால் பெரும்பாலும் அது தீராது, இரண்டு நாயையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வரும்.

மருந்து

மருந்தைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைப்பது நாய்க்கு நல்லதில்லை. எவ்வளவு குறைந்த நேரம் பழக்கினாலும் பயம் தணியாத நாய்க்குப் பாடம் ஏறாது. மருந்து பயத்தைக் கற்கும் அளவுக்கு இறக்கிக் கொடுக்கிறது. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் க்ளோமிப்ரமினை 1998-லும் ஃப்ளுவாக்ஸெடினை 2007-லும் அங்கீகரித்தது. இரண்டையுமே பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லித்தான். இவை தினமும் கொடுப்பவை, முழுப் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், முதல் வாரத்தில் பசி குறைந்து மந்தமாகத் தெரியலாம். ட்ரஸடோன் போன்றவை சில மணி நேரத்துக்கு வேலை செய்பவை. தவிர்க்க முடியாத நாட்களுக்கு மருத்துவர் அவற்றை எழுதிக் கொடுப்பதுண்டு.

நாயை மந்தமாக்கி ஆளுமையை மாற்றிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அளவு சரியாக இருந்தால் அது உங்கள் பழைய நாய்தான், பயம் குறைந்த நாய். நாள் முழுக்கத் தூங்கி வழிந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். அசிப்ரோமசின் என்ற மந்தப்படுத்தும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கச் சொன்னால் மறுபடி ஒரு கேள்வி கேளுங்கள். அது உடம்பைத் தளர்த்தும், உள்ளே பயம் அப்படியே இருக்கலாம். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவும் கூடாது, தொடங்கிய தினசரி மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குறைப்பது படிப்படியாக, மருத்துவர் சொல்படி.

குட்டி வளர்ப்பவர்களுக்கு

குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே தனிமையைச் சிறு துணுக்குகளாகக் கொடுங்கள். அது தூங்கி வழியும் நேரம் பார்த்து, வயிறும் நிறைந்து, சிறுநீரும் போன பிறகு, பக்கத்து அறைக்கு ஒரு நிமிடம். அழுதால் போய்ப் பாருங்கள், அடுத்த தடவை இன்னும் குறைவான நேரம். முதல் இரவுகளில் தனி அறையில் பூட்டிவைக்காமல் உங்கள் கட்டில் பக்கத்திலேயே படுக்க வையுங்கள். தாயையும் கூடப் பிறந்தவைகளையும் விட்டு வந்த குட்டி அது.

பின்னடைவு வந்தால்

நாய் நாலு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கப் பழகிய பிறகும் பின்னடைவு வரும். நீண்ட விடுமுறை, உடம்பு சரியில்லாமல் போனது, வீடு மாறியது, பலத்த இடிமழை என்று ஏதாவது காரணம் இருக்கும். நேற்றுவரை தூங்கிய நேரத்தில் இன்று கதவருகே நிற்கிறது என்று கேமராவில் தெரிந்தால் அதே நீளத்தில் தொடராதீர்கள். நோட்டைப் புரட்டி, கடைசியாக ஒருக்களித்துத் தூங்கிய நேரம் எது என்று பார்த்து, அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவை மாதக்கணக்கில் ஏறிய தூரத்தை இரண்டாம் தடவை பெரும்பாலும் விரைவாகவே ஏறிவிடும். வீடு மாறும் திட்டம் முன்கூட்டியே தெரிந்தால், புது வீட்டில் முதல் வாரம் யாராவது கூடவே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, அங்கேயும் கதவுக் கைப்பிடியிலிருந்தே பழக்கத்தைத் தொடங்குங்கள்.